பியூஸ் காப்பாற்றுவது விளக்கையா, ஒயரையா?

மாணவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் மாமா வீட்டு வாசலில் தம் பிக்கப்பின் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறார். இணையத்தில் வாங்கிய ஒரு சிறு பெட்டி பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் மூன்று சின்ன மஞ்சள் எல்இடி விளக்குகள், சில மீட்டர் ஒயர், ஒரு சுவிட்ச். வண்டியின் முகப்பில் உள்ள கிரில்லில் அவற்றைப் பொருத்தப் போகிறார். டார்ச் பிடிக்க உங்களை அழைக்கிறார்.

சிவப்பு ஒயரைப் பேட்டரியின் நேர்முனையில் மாட்டப் போகும்போது, "மாமா, பியூஸ் எங்கே?" என்று கேட்கிறீர்கள். அவர் சிரிக்கிறார். "மூணும் சேர்ந்தே 6 வாட்தான். அரை ஆம்பியர் இழுக்கும். இவ்வளவு சின்ன விளக்குக்கு எதுக்கு பியூஸ்?"

மாமாவின் கணக்கு சரிதான். 6 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.5 ஆம்பியர். ஆனால், அந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. ஏன் தவறு என்பதைப் பள்ளியில் படித்த இயற்பியலை வைத்தே நீங்கள் அவருக்கு விளக்கலாம்.

ஏன் மூன்று விளக்கு?

இந்த மஞ்சள் விளக்குகளை நம் சாலைகளில் பல பிக்கப்களில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பாணிக்குக் காரணம் அமெரிக்காவின் ஒரு பாதுகாப்பு விதி. அங்கே 80 அங்குலம், அதாவது சுமார் 2.03 மீட்டர் அல்லது அதற்கும் மேல் அகலமுள்ள வாகனங்கள் முன்பக்கம் மூன்று மஞ்சள் அடையாள விளக்குகளைக் கொண்டிருக்க வேண்டும். இருட்டில் எதிரே வருபவர், 'வருவது அகலமான வண்டி' என்று தூரத்திலேயே அறிந்துகொள்வதற்காக இந்த ஏற்பாடு. 2010ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபோர்டு எஃப்-150 ராப்டர் அந்த அகலத்தைத் தாண்டியதால், அதன் கிரில்லில் மூன்று விளக்குகள் இடம்பெற்றன. பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் பிடித்துப்போனது. மற்ற பிக்கப்களுக்கும் அதே போன்ற விளக்குகள் விற்பனைக்கு வந்தன.

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான பிக்கப்கள் அந்த அகலத்தை எட்டுவதில்லை. ஆகவே, இங்கே அவை பெரும்பாலும் அழகுக்காகத்தான். அழகுக்காக மாட்டும் ஒன்று வண்டியையே எரித்துவிடக் கூடாது அல்லவா?

வண்டியின் உடலே ஓர் ஒயர்

தமிழ்ப்பள்ளி அறிவியலில் இணைக்கரை மின்சுற்றைப் படித்தது நினைவிருக்கும். மூன்று கிரில் விளக்குகளையும் அப்படித்தான் இணைக்கிறோம். ஒவ்வொரு விளக்குக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் எரியும்.

ஆனால், பள்ளியில் நீங்கள் வரைந்த மின்சுற்றுக்கும் வாகன மின்சுற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பள்ளியில் பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஓர் ஒயர், விளக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப இன்னோர் ஒயர் வரைந்திருப்பீர்கள். வாகனத்தில் திரும்பி வரும் ஒயர் பெரும்பாலும் கிடையாது. பேட்டரியின் எதிர்முனை ஒரு தடித்த கேபிளால் வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கின் கறுப்பு ஒயரை அருகிலுள்ள இரும்பில் திருகினால் போதும். மின்னோட்டம் அந்த இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இதனால் ஒவ்வொரு வண்டியிலும் பல மீட்டர் ஒயர் மிச்சமாகிறது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. வண்டியில் கண்ணுக்குத் தெரியும் இரும்பு எல்லாம் எதிர்முனைதான். சிவப்பு ஒயரின் உறை எங்கேனும் கிழிந்து, உள்ளிருக்கும் செம்பு இரும்பைத் தொட்டால், மின்னோட்டம் விளக்குக்குப் போகாது. குறுக்கு வழியில் நேராகப் பேட்டரிக்குத் திரும்பும். இதுதான் குறுக்குச்சுற்று. பேச்சு வழக்கில் 'ஷார்ட்' என்கிறோம்.

உறை எப்படிக் கிழியும்? கிரில்லுக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தின் விளிம்பு கூர்மையானது. எஞ்சின் அறையிலிருந்து ஓட்டுநர் இருக்கும் பக்கம் ஒயரைக் கொண்டுசெல்ல இரும்புத் தடுப்பில் உள்ள துளையின் விளிம்போ கத்தி போன்றது. தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் ஒயர் அந்த விளிம்பில் உரசும். எஞ்சின் வெப்பத்தில் பிளாஸ்டிக் உறை நாளடைவில் விறைத்து வெடிப்பும் விடும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மாட்டிய ஒயர் அன்றே பிரச்சினை தராது. பல மாதங்கள் கழித்து, எல்லாரும் அதை மறந்த பிறகு தரலாம்.

12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?

வீட்டு மின்சாரத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அதன் அழுத்தம் 230 வோல்ட். தொட்டால் உயிரைப் பறிக்கும். 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் காய்ந்த கைகளால் தொட்டாலும் பொதுவாக எதுவும் உணரமாட்டோம். நம் தோலின் மின்தடை அதிகம் என்பதால் மிகச் சிறிய மின்னோட்டமே உடலில் பாயும். அதனால் பலர் 12 வோல்ட்டை விளையாட்டாக எண்ணிவிடுகிறார்கள்.

ஆனால், செம்பு ஒயரின் மின்தடை மிகக் குறைவு. அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். இத்தகைய விளக்குகளுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள மெல்லிய ஒயர் போதும் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து 2 மீட்டர் தள்ளி உறை கிழிந்து செம்பு இரும்பைத் தொடுகிறது.

செம்பின் மின்தடைத்திறனைக் கொண்டு கணக்கிட்டால், அந்த 2 மீட்டர் ஒயரின் மின்தடை சுமார் 0.068 ஓம். பேட்டரியின் உள்தடைக்கும் இணைப்புகளுக்கும் 0.012 ஓம் சேர்த்துக்கொள்வோம். மொத்தம் 0.08 ஓம். ஓம் விதிப்படி 12 ஐ 0.08 ஆல் வகுத்தால் 150 ஆம்பியர்!

பேட்டரியால் அவ்வளவு தர முடியுமா? தாராளமாக முடியும். டீசல் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில நூறு ஆம்பியர் தேவை. அதைக் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரி அது. அரை ஆம்பியர் மட்டும் போதும் என்பது விளக்கின் தேவை. ஒயர் இரும்பைத் தொட்ட பிறகு விளக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இனி வெப்பம். ஒயரில் உண்டாகும் வெப்பத்தின் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. விளக்கு வழக்கம்போல் எரியும்போது 0.5 × 0.5 × 0.068 = 0.017 வாட். ஒயரைத் தொட்டுப் பார்த்தால் சூடே தெரியாது. ஷார்ட் ஆகும்போது 150 × 150 × 0.068 = ஏறக்குறைய 1,500 வாட். ஒரு மின்சாரக் கெண்டி தண்ணீரைக் கொதிக்க வைக்கும் திறன் அது. மின்னோட்டம் 300 மடங்கு கூடியபோது வெப்பம் 90,000 மடங்கு கூடிவிட்டது. வர்க்கத்தின் வேலை இதுதான்.

அந்த 1,500 வாட்டும் எதைச் சூடாக்குகிறது? 2 மீட்டர் ஒயரில் உள்ள செம்பின் எடை வெறும் 9 கிராம். 1 கிராம் செம்பை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க 0.39 ஜூல் போதும். 9 கிராமுக்குச் சுமார் 3.5 ஜூல். ஒரு நொடியில் 1,500 ஜூல் வந்து சேர்ந்தால், வெப்பநிலை 400 டிகிரிக்கும் மேல் ஏறும் வேகம் அது! சூடேறச் சூடேற செம்பின் மின்தடை கூடி, மின்னோட்டம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால், வாகன ஒயர்களின் சாதாரண பிவிசி உறை 70 முதல் 105 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுவது. ஒரு நொடிக்குள் அது உருகிப் புகையத் தொடங்கிவிடும். பக்கத்தில் செல்லும் மற்ற ஒயர்களின் உறையும் உருகும். எஞ்சின் அறையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். தீ பிடிக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சாவியை எடுத்துவிட்டால் ஆபத்து நீங்குமா? நீங்காது. பேட்டரியில் நேராக மாட்டிய ஒயர், சுவிட்ச் வரைக்கும் 24 மணி நேரமும் மின்னழுத்தத்தில்தான் இருக்கும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதும், உள்ளே எல்லாரும் தூங்கும்போதும்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

பியூசுக்குத் தமிழில் 'உருகி' என்ற பொருத்தமான பெயர் உண்டு. சுற்றில் வேண்டுமென்றே வைத்த பலவீனமான ஓர் இடம் அது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால், ஒயருக்கு முன்பாகத் தான் உருகி, சுற்றைத் துண்டிக்கும். நம் கணக்கில் வந்த 150 ஆம்பியர் ஒரு 3 ஆம்பியர் பியூசில் பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் அது அறுந்துவிடும். நூறில் ஒரு பங்கு நொடியில் அறுந்தது என்று கொண்டால், ஒயரில் சேரும் வெப்பம் 15 ஜூல்தான். ஒயர் 4 அல்லது 5 டிகிரி சூடேறும். அவ்வளவே.

சில விளக்குப் பெட்டிகளில் பியூஸ் இருக்கும். ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அது போதுமா? ஒரு தாளை எடுத்து இதை வரைந்து பாருங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு கோடு. அது இரும்புத் தடுப்பின் துளை வழியாகச் சுவிட்சுக்குப் போய், மீண்டும் வெளியே வந்து கிரில் விளக்கை அடைகிறது. கோட்டில் மூன்று புள்ளிகள் வையுங்கள்: பேட்டரிக்கு அருகே 'அ', தடுப்புத் துளையில் 'ஆ', விளக்குக்குப் பின்னால் 'இ'.

முதலில் பியூசை 'இ' புள்ளிக்குச் சற்று முன்பாக வரையுங்கள். ஒயர் 'ஆ' புள்ளியில் இரும்பைத் தொடுகிறது. மின்னோட்டம் செல்லும் வழியை விரலால் தொடருங்கள். பேட்டரி, 'அ', 'ஆ', இரும்பு உடல், மீண்டும் பேட்டரி. உங்கள் விரல் பியூசைத் தொடவே இல்லை! ஒயர் எரிந்துகொண்டிருக்கும், பியூஸ் புத்தம் புதிதாக இருக்கும்.

இப்போது பியூசைப் பேட்டரிக்கும் 'அ' புள்ளிக்கும் நடுவே வரையுங்கள். 'அ', 'ஆ', 'இ' எங்கே தொட்டாலும் மின்னோட்டம் பியூஸ் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே, பியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு சாண் தூரத்துக்குள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியூசுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு துண்டு ஒயருக்கு மட்டும் காவல் இல்லை. அதனால்தான் அது குட்டையாக இருக்க வேண்டும்.

மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில். பியூஸ் விளக்குக்காக வைப்பதன்று, ஒயருக்காக வைப்பது. வீட்டில் உள்ள மூன்று முனை பிளக்கைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு சிறு பியூஸ் இருக்கும். அது முக்கியமாகக் காப்பதும் பிளக்கிலிருந்து கருவிக்குச் செல்லும் ஒயரைத்தான்.

எத்தனை ஆம்பியர்?

ஒயர் தாங்கும் அளவுக்குள், விளக்கின் தேவைக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். அரை ஆம்பியர் விளக்குக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கும் 3 ஆம்பியர் பியூஸ் போதும். வாகனங்களில் பயன்படும் தட்டை வடிவ பியூஸ்களுக்கு நிறக்குறி உண்டு. 3 ஆம்பியர் ஊதா, 5 இளம்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

'கையில் இருப்பது 20 ஆம்பியர்தான், அதையே போடலாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒயர் முழுமையாக இரும்பைத் தொடாமல் அரைகுறையாகத் தொட்டு, 18 ஆம்பியர் பாய்வதாக வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் பியூசுக்கு அது வழக்கமான சுமை. அது அறுந்து போகாது. ஆனால், அந்த மெல்லிய ஒயரில் 18 × 18 × 0.068 = 22 வாட் வெப்பம் இடைவிடாமல் உண்டாகும். மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டிய இடத்தில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை இளகத் தொடங்கும். பியூஸ் அடிக்கடி அறுகிறதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது அதைவிட மோசம். அப்போது அந்தச் சுற்றில் ஒயர்தான் உருகி.

ரிலே கட்டாயமா?

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். சிறு மின்னோட்டம் கம்பிச்சுருளில் பாய்ந்து அதைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுத்து, பெரிய மின்னோட்டம் செல்லும் வழியைத் திறந்துவிடும். 120 வாட் எல்இடி விளக்குப் பட்டை போன்றவை 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனை மின்னோட்டத்தை ஒரு சிறு சுவிட்ச் வழியாக அனுப்பக் கூடாது. அங்கே தடித்த ஒயரும் ரிலேயும் தேவை. நம் அரை ஆம்பியர் விளக்குகளுக்கோ நல்ல சுவிட்ச் ஒன்றே போதும். பியூஸ் இல்லாமல் ரிலே மட்டும் வைத்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். ரிலே ஒயரைக் காக்காது.

இதைவிட எளிய வழியும் உண்டு. வண்டியின் பியூஸ் பெட்டியிலேயே செருகிக்கொள்ளும் ஓர் இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. அதில் இரண்டு பியூஸ்கள் இருக்கும்: ஒன்று பழைய சுற்றுக்கு, மற்றது புதிய விளக்குக்கு. பியூஸ் தொடக்கத்திலேயே அமைந்துவிடுகிறது. வண்டியின் சொந்த ஒயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் சுற்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. விளக்கை அணைக்க மறந்தாலும் பேட்டரி தீராது. அரை ஆம்பியர் சிறிதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி. வண்டி கிளம்ப மறுப்பது அதற்கும் முன்பே நடக்கும்.

வேலை செய்யும்போது

இந்த வேலையைத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு மட்டுமே செய்யுங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பேட்டரியின் எதிர்முனைக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றப்போனால், ஸ்பேனரின் மறுநுனி வண்டியின் இரும்பில் பட்டுவிடலாம். ஸ்பேனரே ஒரு குறுக்குச்சுற்று ஆகிவிடும். எதிர்முனையைக் கழற்றிய பிறகு இரும்பு உடலுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அற்றுவிடுகிறது. அப்போது பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசி.

இரண்டாவது, ஒயர் இரும்பைக் கடந்து செல்லும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒயரை நுழைத்து, அசையாமல் கட்ட வேண்டும். சூடான புகைக்குழாய்க்கும் சுழலும் விசிறிக்கும் பக்கத்தில் ஒயர் போகக் கூடாது.

மூன்றாவது, கறுப்பு ஒயரைத் திருகும் இடத்தில் சாயத்தைச் சுரண்டிவிட வேண்டும். சாயம் மின்கடத்தாப் பொருள். சுரண்டாவிட்டால் விளக்கு மங்கும் அல்லது மினுக்கும்.

நான்காவது, சட்டம். மலேசியாவில் வாகனங்களின் விளக்குகளுக்கு 1959ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் உள்ளன. நாம் விரும்பிய நிறத்தில், விரும்பிய இடத்தில் விளக்கு மாட்டிவிட முடியாது. பொருத்துவதற்கு முன்பாகவே சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

அடுத்த முறை யாராவது உங்கள் முன்னால் பானெட்டைத் திறந்து எதையாவது பேட்டரியில் மாட்டினால், அது விளக்கோ, கேமராவோ, ஹார்னோ, நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். சிவப்பு ஒயரைப் பேட்டரியிலிருந்து விரலால் தொடருங்கள். ஒரு சாண் போவதற்குள் பியூஸ் வருகிறதா? வரவில்லை என்றால் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகவே சொல்லுங்கள்: "மாமா, பியூஸ் விளக்குக்கு இல்ல, ஒயருக்கு. அதை மாட்டிட்டு அப்புறம் கனெக்‌ஷன் கொடுங்க."